மந்தக் கணிப்பொறியும் விரைவுக் கணிப்பொறியும் கூடி உழைக்கும் வகை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில் அமைந்த சித்தூர் வட்டமும், மேற்கு மலைத்தொடரின் மீதமைந்த தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களும் கேரள மாநிலத்தின் எல்லைப் புறங்களாகும். முன்னதில் நெல்லும் தென்னையும், பின்னவற்றில் தேயிலையும் ஏலமும் செழித்து வளர்கின்றன. இவ்விரு பகுதிகளிலும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகளும் இங்கு உள்ளன. மாநிலப் பள்ளிகளுக்குரிய தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகிய மொழிகளோடு தமிழிலும் வெளியிடப்படுவது குறிப்பிடத்தக்கது.

பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பும் பொருட்டுக் கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் 2018-இல் நிறுவப்பெற்றன. இப்பள்ளிகளின் கணிப்பொறிகள் குனு/லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இயங்குகின்றன. கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை எவரும் பார்வையிடலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். பள்ளிக்கு வேண்டிய மென்பொருள்கள் ஆயத்த நிலையிலேயே வந்து சேர்கின்றமையால், அன்றாடப் பாடத்திற்கு மூல நிரலைத் தொடவேண்டிய தேவை எழுவதில்லை. ஆயினும் ஆர்வமிக்க மாணவன் ஒருவன் அம்மூல நிரலில் ஒரு வரியை மாற்றி, அதன் விளைவைக் கண்ணாற் காண விரும்புவானாயின், அவன் முதன்முதலிற் சந்திக்கும் இடையூறு காத்திருத்தலே ஆகும். மாற்றிய நிரலை இயந்திரம் ஏற்கும் வடிவிற் கொணர்வதற்குள் பாடவேளை முடிந்துவிடக் கூடும்.

கணிப்பொறிக் கூடம் ஒன்றிலுள்ள சாதனங்கள் யாவும் ஒரே ஆண்டில் வாங்கப்படுவனவல்ல. புதியன வரும்போது பழையன ஒரு மூலைக்குத் தள்ளப்படுகின்றன. புதிய கணிப்பொறி ஒன்றும் பழைய கணிப்பொறிகள் சிலவும் ஒரே அறையில் இருக்கும்போது, அவை ஒன்றுகூடி ஒரு வேலையை முடிக்க இயலுமா? இயலும். ஆனால் வேலையைப் பங்கிடும் முறையைப் பொறுத்தே பயன் அமைகிறது. முறை தவறின், துணைக்கு வந்த மந்தக் கணிப்பொறியே தாமதத்திற்குக் காரணமாகிவிடும்.

நிரல்பெயர்ப்பு என்பது யாது?

கணிப்பொறியின் மையச் செயலகம் அறிந்தவை சில அடிப்படைக் கட்டளைகளே. அவையும் எண் வடிவில் அமைந்தவை. மனிதர் எழுதும் நிரலோ ஓரளவு மொழிச் சாயலுடையது. இரண்டுக்கும் இடையே நின்று பெயர்த்துத் தருவது ‘நிரல்பெயர்ப்பி’ என்னும் மென்பொருள். இதனைக் ‘கம்பைலர்’ என்றே பலரும் வழங்குவர். அமெரிக்கக் கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952-இல் யூனிவாக் கணிப்பொறிக்கென அமைத்த ‘ஏ-0’ தொகுதி இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழுவினர் ‘ஃபோர்ட்ரான்’ மொழிக்கான நிரல்பெயர்ப்பியை வெளியிட்டனர்.

பெரிய மென்பொருள் ஒரே கோப்பாக எழுதப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான, கோப்புகளாகப் பிரித்து எழுதப்படுகிறது. 1991-இல் தோன்றிய லினக்ஸ் கருவின் மூல நிரல் இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. இத்தகைய மென்பொருளைப் பெயர்க்கும் வேலை மூன்று படிகளில் நிகழ்கிறது. முதற்படி முன்செயலாக்கம்: கோப்பு குறிப்பிடும் தலைப்புக் கோப்புகள் யாவும் அதனுள் சேர்க்கப்படுகின்றன. இரண்டாம் படி பெயர்ப்பு: ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே இயந்திரக் குறிகளாக மாற்றப்படுகிறது. மூன்றாம் படி இணைப்பு: இவ்வாறு பெறப்பட்ட துண்டுகள் யாவும் ஒன்றாகக் கோக்கப்பட்டு இயங்கவல்ல நிரல் உருவாகிறது.

பிரியும் வேலையும் பிரியா வேலையும்

இரண்டாம் படியில் ஒரு கோப்பைப் பெயர்ப்பதற்கு மற்றொரு கோப்பின் பெயர்ப்பு முடியவேண்டும் என்னும் நிபந்தனை பெரும்பாலும் இல்லை. ஆகவே இவ்வேலையைப் பலருக்குப் பிரித்தளிக்கலாம். வயலின் பாத்திகளைப் பலர் ஒரே சமயத்தில் அறுவடை செய்வதை இது ஒக்கும். மூன்றாம் படியாகிய இணைப்போ, எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்த பின்னரே தொடங்கும். அதுவும் ஒரே கணிப்பொறியில் நடைபெறும். இது களத்துமேட்டில் நெல்லைக் குவித்து அளக்கும் வேலை போன்றது; அறுவடையாட்கள் எத்தனை பேர் கூடினும் இவ்வேலை குறைவதில்லை.

பிரியாத பகுதியே முழுவேலையின் வேகத்திற்கு எல்லை வகுக்கிறது என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் ஆம்டால் 1967-இல் எடுத்துரைத்தார். முழுவேலைக்கு 540 விநாடிகள் ஆவதாகவும், அவற்றுள் 60 விநாடி வேலை பிரிக்க முடியாததாகவும் கொள்வோம். ஆயிரம் கணிப்பொறிகளைத் துணைக்கழைத்தாலும் அவ்வேலை 60 விநாடிகளுக்குள் முடியாது. அதாவது வேகம் ஒன்பது மடங்குக்கு மேல் உயராது. துணைக் கணிப்பொறிகளைத் தேடுவதற்கு முன், பிரியாத பகுதி எவ்வளவு என அளந்தறிதல் நலம்.

சமபங்கு ஏன் பயன் தருவதில்லை?

பங்கீட்டின் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். பெயர்க்க வேண்டிய கோப்புகள் 240. யாவும் ஏறத்தாழ ஒரே அளவின. கூடத்திலுள்ள புதிய கணிப்பொறி ஒரு கோப்பை 2 விநாடிகளில் பெயர்க்கிறது. பழைய கணிப்பொறிகள் ஐந்து. அவை ஒவ்வொன்றும் ஒரு கோப்புக்கு 8 விநாடிகள் எடுத்துக்கொள்கின்றன. புதியது தனித்து உழைப்பின் 480 விநாடிகள், அதாவது 8 நிமிடங்கள், ஆகும்.

ஆறு கணிப்பொறிகளுக்கும் ஆளுக்கு 40 கோப்புகள் எனச் சமமாகப் பங்கிட்டால், புதியது தன் பங்கை 80 விநாடிகளில் முடித்துவிடும். பழையன ஒவ்வொன்றும் 320 விநாடிகள் உழைக்கும். கூடத்தின் மிகச் சிறந்த சாதனம் நான்கு நிமிட நேரம் வாளாவிருக்க, வேலை 5 நிமிடம் 20 விநாடிகளில் முடிவடையும்.

இனி, வேகத்திற்கேற்பப் பங்கிடுவோம். புதியதற்கு 107 கோப்புகள். எஞ்சிய 133 கோப்புகளைப் பழைய கணிப்பொறிகளுள் மூன்றுக்கு 27 வீதமும், இரண்டுக்கு 26 வீதமும் அளிப்போம். புதியது 214 விநாடிகளிலும், பழையவற்றுள் கடைசியாக முடிப்பது 216 விநாடிகளிலும் வேலையை நிறைவேற்றும். ஆக 3 நிமிடம் 36 விநாடிகளில் யாவும் முடிவடையும். சாதனங்கள் அவையே, கோப்புகளும் அவையே. பங்கீடு மாறியதனால் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமாயிற்று.

கேட்டு வாங்கும் முறை

வேகத்திற்கேற்பப் பங்கிடுவதற்கு ஒவ்வொரு கணிப்பொறியின் வேகத்தையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். நடைமுறையில் இது அரிது. அதே கணிப்பொறியில் வேறொரு மாணவன் படம் வரைந்துகொண்டிருந்தால் அதன் வேகம் குறைந்துவிடும். ஆகவே முன்கூட்டிப் பங்கிடாமல், கோப்புகளை ஒரு பொதுக் குவியலாக வைத்து, கை ஒழிந்த கணிப்பொறி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்கும் முறை வகுக்கப்பட்டது. இம்முறையில் விரைந்து முடிப்பது மிகுதியாகவும், மெல்ல முடிப்பது குறைவாகவும் தாமாகவே பெறுகின்றன. எவரும் வேகத்தை அளக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய கணக்கில் இம்முறையைக் கையாண்டால் முடிவு நேரம் 216 விநாடிகளை ஒட்டியே அமையும். கடைசிக் கோப்பு ஒரு மந்தக் கணிப்பொறியிடம் சிக்கினால் மட்டும் சில விநாடிகள் கூடலாம்.

இக்கடைசிக் கோப்பே கவனிக்கத்தக்கது. கோப்புகளுள் ஒன்று மட்டும் மிகப் பெரியது எனவும், அதனைப் பெயர்க்கப் புதியதற்கு 20 விநாடிகளும், பழையதற்கு 80 விநாடிகளும் தேவை எனவும் கொள்வோம். குவியலின் அடியிற் கிடந்த அக்கோப்பை 210-ஆம் விநாடியில் ஒரு பழைய கணிப்பொறி எடுத்துக்கொண்டால், வேலை முடிய 290 விநாடிகள் ஆகும். மற்ற ஐந்தும் அதன் முகம் பார்த்துக் காத்திருக்க நேரும். அக்கோப்பை முதலிலேயே புதியதனிடம் ஒப்படைத்திருந்தால் இத்தாமதம் நேர்ந்திராது. எனவே பெரியவற்றை முன்னும் சிறியவற்றைப் பின்னும் வைத்தல் நன்று.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரொனால்ட் கிரஹாம் இத்தகைய பங்கீடுகளைக் கணித முறையில் ஆராய்ந்து 1966-இலும் 1969-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். சம வேகமுடைய பொறிகளில், கை ஒழிந்தது அடுத்த வேலையை எடுக்கும் முறை, இயன்றவற்றுள் மிகச் சிறந்த பங்கீட்டைப் போல இரு மடங்கு நேரத்திற்கு மேற்படாது என்றும், ஒன்றையொன்று சாராத வேலைகளைப் பெரியவை முன்னாக அடுக்கினால் அது மூன்றில் நான்கு மடங்குக்கு மேற்படாது என்றும் அவர் நிறுவினார். வேலைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது, பொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதனாலேயே முடிவு நேரம் நீளக்கூடும் என்னும் வியப்பான உண்மையும் அவர் ஆய்வில் வெளிப்பட்டது.

இப்பணிக்குரிய கருவிகள்

எந்தக் கோப்பு மாறியது, அதனால் எவற்றை மீண்டும் பெயர்க்க வேண்டும் என்பதைக் கோப்புகளின் நேரக் குறிப்பைக் கொண்டு தீர்மானிக்கும் ‘மேக்’ என்னும் மென்பொருளை, பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் உருவாக்கினார். இன்று வழங்கும் குனு மேக், பல கோப்புகளை ஒரே சமயத்தில் பெயர்க்கும்படி ஆணையிடவும் வல்லது.

வேலையை வலையமைப்பின் வழியே பிற கணிப்பொறிகளுக்கு அனுப்பும் ‘டிஸ்ட்சிசி’ என்னும் கருவியை மார்ட்டின் பூல் என்பார் 2002-இல் வெளியிட்டார். இதன் இயல்பான முறையில் முன்செயலாக்கம் சொந்தக் கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. தலைப்புக் கோப்புகள் யாவும் உட்சேர்ந்த முழுமையான கோப்பே துணைக் கணிப்பொறிக்குச் செல்கிறது. ஆதலால் துணைக் கணிப்பொறியில் நிரல்பெயர்ப்பி இருந்தாற் போதும். தலைப்புக் கோப்புகளையோ பிற நூலகங்களையோ அதில் நிறுவ வேண்டுவதில்லை. மின்தடை முதலிய காரணங்களால் துணைக் கணிப்பொறி இடையில் நின்றுவிட்டால், அக்கோப்பு சொந்தக் கணிப்பொறியிலேயே மீண்டும் பெயர்க்கப்படும். துணைக் கணிப்பொறிகளின் பெயர்ப் பட்டியலில் முன்னிற்பவற்றையே இக்கருவி முதலில் நாடுகிறது. ஆகவே பட்டியலை வேக வரிசையில், விரைவானது முதலாக, எழுதுதல் இன்றியமையாதது.

‘ஐஸ்கிரீம்’ என்னும் மற்றொரு கருவி சூசே லினக்ஸ் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. இதில் பங்கீட்டாளர் எனத்தக்க ஒரு மைய நிரல் உண்டு. அது துணைக் கணிப்பொறிகளின் வேகத்தையும் அவ்வப்போதைய சுமையையும் கவனித்து, விரைவானவற்றுக்கு முன்னுரிமை அளிக்கிறது. தேவையான நிரல்பெயர்ப்பியையும் வேலையோடு சேர்த்து அனுப்புவதால், கணிப்பொறிதோறும் ஒரே பதிப்பை நிறுவும் தொல்லை குறைகிறது. வேகம் பெரிதும் மாறுபடும் கூடத்திற்கு இக்கருவி மிகப் பொருத்தமானது எனலாம்.

மூன்றாவது கருவி ‘சிகேஷ்’ என்பது. இதனை உருவாக்கியவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். இது வேலையைப் பங்கிடுவதில்லை. ஒரு முறை செய்த வேலையின் பயனைச் சேமித்து வைக்கிறது. அதே கோப்பை அதே நிபந்தனைகளோடு மீண்டும் பெயர்க்க நேர்ந்தால், முன்னைய விளைவை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கணிப்பொறி ஒன்றே உடைய பள்ளிக்கும் இது பயன்படும்.

துணை இடையூறாகும் வேளைகள்

துணைக் கணிப்பொறிகள் எப்போதும் பயன் தருமென எண்ணலாகாது. முதன்முறை மென்பொருள் முழுவதையும் பெயர்க்கும்போது கோப்புகள் பல. துணையும் பயன் தருகிறது. பின்னர் மாணவன் ஒரு சிறு திருத்தம் செய்து, மூன்று கோப்புகளை மட்டுமே மீண்டும் பெயர்க்க நேர்ந்தால் நிலைமை மாறுகிறது. மேற்கூறிய புதிய கணிப்பொறி அவற்றைத் தனித்தே 6 விநாடிகளில் முடித்துவிடும். இரண்டைப் பழையவற்றுக்கு அனுப்பினாலோ 8 விநாடிகள் ஆகும். எனவே பெருவேலைக்குத் துணை தேடுதலும், சிறுவேலையைத் தனித்து முடித்தலும் முறையாகும்.

எந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்து வேலையைத் தொடங்குவது என்பதும் கருதத்தக்கது. முன்செயலாக்கமும் இணைப்பும் தொடங்கிய கணிப்பொறியிலேயே நிகழ்வதால், மந்தமானதில் தொடங்கினால் அது தரும் கோப்புகளுக்காக விரைவானது காத்திருக்க நேரிடும். முன்செயலாக்கத்தையும் துணைக் கணிப்பொறிக்கே விடும் வசதி 2008-இல் வெளிவந்த டிஸ்ட்சிசி மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஆயினும் விரைவானதன் முன் அமர்ந்து தொடங்குவதே எளிய வழி.

பழைய கணிப்பொறிகளில் நினைவகம் குறைவு. ‘சி++’ மொழியில் எழுதப்பட்ட பெரிய கோப்பு ஒன்றைப் பெயர்ப்பதற்கே நினைவகம் மிகுதியாகத் தேவைப்படலாம். 2 கிகாபைட் நினைவகமுடைய சாதனத்திடம் ஒரே சமயத்தில் நான்கு கோப்புகளை ஒப்படைத்தால், அது வட்டுக்கும் நினைவகத்துக்குமிடையே தரவுகளை மாற்றிக் கொண்டிருப்பதிலேயே பொழுதைப் போக்கிவிடும். இத்தகைய சாதனங்களுக்கு ஒரு வேளையில் ஒரு கோப்பு என வரையறுத்தல் நலம்.

நிரல்பெயர்ப்பியின் பதிப்பு எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பதிப்புகள் மாறுபடின், துண்டுகள் தனித்தனியே சரியாகத் தோன்றினும், இணைக்கும்போதோ இயக்கும்போதோ பிழை தலைகாட்டும். அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் அரிது. பழையன சில 32 பிட் வகையினவாகவும், புதியன 64 பிட் வகையினவாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் பழையவற்றில், பிறவகைக் கணிப்பொறிக்காகப் பெயர்க்கவல்ல நிரல்பெயர்ப்பியை நிறுவுதல் வேண்டும். ‘இக்கணிப்பொறியின் செயலகத்திற்கே உரியவாறு பெயர்க்க’ என்னும் ஆணையைக் கூட்டுவேலையில் விலக்குதல் அவசியம். ஏனெனில் அவ்வாணை இருப்பின், டிஸ்ட்சிசி அக்கோப்பைத் துணைக் கணிப்பொறிக்கு அனுப்பாமல் சொந்தக் கணிப்பொறியிலேயே பெயர்க்கும்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. துணைக் கணிப்பொறி, வலையமைப்பின் வழி வரும் ஆணையை ஏற்று வேலை செய்வதாகும். எவரிடமிருந்து வரும் ஆணையை ஏற்கலாம் என வரையறுக்காவிடின், தீய எண்ணமுடையோர் அதன் வாயிலாகக் கணிப்பொறியினுள் புகுந்துவிட இயலும். டிஸ்ட்சிசி பற்றிய இக்குறைபாடு 2004-ஆம் ஆண்டு முதலே பதிவாகியுள்ளது. கூடத்துக் கணிப்பொறிகளின் முகவரிகளை மட்டும் அனுமதித்தல் வேண்டும். வெளி இணையத்திற்கு இவ்வாயிலைத் திறந்து வைத்தல் கூடாது.

மின்சாரச் செலவையும் எண்ணிப் பார்த்தல் தகும். ஒவ்வொரு கணிப்பொறியும் 80 வாட் மின்திறன் கொள்வதாகக் கருதினால், ஒன்று 480 விநாடிகள் உழைப்பதைவிட, ஆறு 216 விநாடிகள் உழைப்பதற்கு 2.7 மடங்கு மின்சாரம் செலவாகும். பாடவேளையில் அவை எவ்வாறேனும் இயங்கிக் கொண்டிருப்பின் மிகைச் செலவு குறைவே. இவ்வேலைக்காகவே அவற்றை இயக்குவதாயின், மிச்சப்படும் நேரம் அச்செலவுக்கு ஈடாகுமா என முடிவு செய்தல் வேண்டும்.

மலைப் பள்ளிகளுக்குப் பொருந்துமா?

மறையூர், வட்டவடை, மூணாறு போன்ற மலைப்புறங்களில் இணையத் தொடர்பு தடைப்பட்டால் இம்முறை பயன்படுமா என்னும் ஐயம் எழலாம். இதற்கு வெளித்தொடர்பு தேவையில்லை. கூடத்தினுள் கணிப்பொறிகளை இணைக்கும் கம்பிவழி வலையமைப்பே போதுமானது. விநாடிக்கு 100 மெகாபிட் கொண்டு செல்லும் சாதாரண வலையமைப்பில், ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு விநாடியில் சென்று சேரும். எட்டு விநாடிப் பெயர்ப்பு வேலைக்கு முன் இது மிகச் சிறியது. கம்பியில்லாத் தொடர்பில் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வதால் தாமதம் மிகும். இயன்றவரை கம்பிவழித் தொடர்பையே கொள்ளுதல் நன்று. மூல நிரலை மட்டும் தொடர்பு கிடைக்கும்போது ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

ஆசிரியர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனைகள்

முதற்சோதனைக்குக் கணிப்பொறியே வேண்டுவதில்லை. கூட்டற் கணக்குகள் எழுதிய 40 சீட்டுகளை ஆயத்தம் செய்துகொள்ளவும். ஐந்து மாணவர்களுள் ஒருவனிடம் மட்டும் கணிப்பான் கொடுக்கவும். மற்றவர் கையாலேயே கணக்கிடட்டும். முதல் முறை ஆளுக்கு எட்டுச் சீட்டுகள் கொடுத்து, அனைவரும் முடிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். இரண்டாம் முறை புதிய கணக்குகளை நடுவே குவித்துவைத்து, முடித்தவர் அடுத்த சீட்டை எடுக்கும்படி செய்யவும். மூன்றாம் முறை இருபது எண்களைக் கூட்டவேண்டிய நீண்ட கணக்கு ஒன்றைக் குவியலின் அடியிலும், நான்காம் முறை அத்தகைய ஒன்றைக் குவியலின் மேலும் வைத்துப் பார்க்கவும். நான்கு நேரங்களையும் கரும்பலகையில் எழுதினால், பங்கீட்டின் இயல்பை மாணவர் தாமே உணர்வர்.

இரண்டாம் சோதனை கணிப்பொறிக் கூடத்திற்குரியது. ஒரு சிறு கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை எடுத்துக்கொண்டு, விரைவான கணிப்பொறியில் மட்டும் பெயர்க்க ஆகும் நேரத்தை அளக்கவும். பிறகு துணைக் கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளக்கவும். முன்னைய பெயர்ப்பின் விளைவுகளை ஒவ்வொரு முறையும் அழித்தபின்னரே தொடங்க வேண்டும். அழிக்காவிடில் ‘மேக்’ செய்வதற்கு வேலை இல்லையெனக் கூறி நின்றுவிடும். சிகேஷ் நிறுவப்பட்டிருப்பின் அதனையும் அளக்கும் வேளையில் நிறுத்தி வைக்கவும். எந்தக் கணிப்பொறியைச் சேர்த்தபின் நேரம் குறையாமல் நின்றதோ, அன்றிக் கூடியதோ, அதனைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். நீக்கப்பட்டது பயனற்றது என்பது இதன் பொருளன்று. எழுத்துப் பயிற்சிக்கும் தட்டச்சுக்கும் அது போதுமானதாயிருக்கும்.

பேரளவுக் கணிப்பிலும் இதே நெறி

இக்கூட்டுழைப்பு பள்ளிக் கூடங்களோடு அமைவதன்று. கோழிப்பாறையில் 2015-இல் தற்காலிக வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிப் பின்னர்க் கஞ்சிக்கோட்டில் தன் நிலையான வளாகத்தை அமைத்துக்கொண்ட பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தேசிய மீக்கணிப்பொறி இயக்கத்தின் பயிற்சி மையங்களுள் ஒன்றாகும். ‘பரம் வித்யா’ என்னும் மீக்கணிப்பொறி அங்கே நிறுவப்பட்டுள்ளது. மீக்கணிப்பொறி என்பதும் வலையமைப்பால் இணைக்கப்பட்ட பல கணிப்பொறிகளின் தொகுதியே. அதிலும் வேலையை எவ்வாறு துண்டாக்குவது, எதை முன்வைப்பது, கடைசித் துண்டுக்காக மற்றவை காத்திராமற் செய்வது எங்ஙனம் என்னும் வினாக்களே எழுகின்றன. கொழிஞ்சாம்பாறையிலோ தேவிகுளத்திலோ ஆறு கணிப்பொறிகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை கண்ட மாணவன், பின்னர் மீக்கணிப்பொறியின் முன் அமரும்போது அடிப்படையைப் புதிதாகக் கற்க வேண்டியிராது.

ஒதுக்கப்படும் கணிப்பொறி மின்னணுக் கழிவாகிறது. அதிலுள்ள ஈயம் முதலிய பொருள்கள் மண்ணுக்கும் நீருக்கும் தீங்கானவை. அக்கழிவைக் கையாளும் விதிகள் நம் நாட்டில் 2011-இல் முதன்முறையாக வெளியிடப்பட்டு, 2022-இல் புதிதாக வகுக்கப்பட்டன. எனினும் பழையதை ஒதுக்கும் முடிவை அதன் வயதைக் கொண்டு மட்டும் எடுத்தல் சரியன்று. களப் பணியாளர்கள் கூடங்களைப் பார்வையிடும்போது, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் செயலகத்தின் வகை, நினைவகத்தின் அளவு, ஒரே மாதிரிக் கோப்பைப் பெயர்க்க ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு பதிவேட்டிற் குறித்துவைப்பார்களாயின், எதனை எப்பணிக்கு அமர்த்தலாம், எதனை நீக்கலாம் என்பது தெளிவாகும். ஆசிரியர்கள் அப்பதிவேட்டைத் தயாரிக்கும் பணியை மாணவர் மன்றத்திடம் ஒப்படைத்தால், அதுவே அவர்களுக்கு முதற்பாடமாகவும் அமையும்.